தண்ணீர் குடிக்கப் போனவளின் நேர்காணல்

போன வாரம் ரேஷ்மா போன் செய்தாள். பாண்டுப்பில் இருக்கிற தமிழ்ப் பெண். செம்பூரில் நான் வேலை பார்த்த டிசைன் ஸ்டுடியோவில், எனக்குப் பிறகு ஆள் எடுக்கும் வேலையைக் கவனிப்பவள்.

"அக்கா, ஒரே கேள்வி. டிசைனருக்கு இன்டர்வியூ அரை மணியா, ஒரு மணியா? மேலருந்து கேக்குறாங்க. ஒண்ணு ஃபிக்ஸ் பண்ணிச் சொல்லணுமாம்."

"நீ என்ன நினைக்குறே?"

"நான் என்ன நினைக்க? பதினோரு வருஷம் பாத்தது நீங்க. பதாவோ நா, சொல்லுங்க அக்கா."

"போன்ல சொல்ற விஷயம் இல்ல. எழுதி அனுப்புறேன்."

"தமிழ்லயா? அரே, எழுத்துக் கூட்டி முடிக்கவே எனக்கு நாலு இன்டர்வியூ டைம் ஆகும்."

"உங்க அம்மாவப் படிக்கச் சொல்லிக் கேளு."

ஆகவே இது ரேஷ்மாவின் அம்மா சத்தம்போட்டுப் படிக்கப்போகிற கட்டுரை. அம்மா, வணக்கம். நடுவில் குக்கர் விசில் அடித்தால் எழுந்து போய்விட்டு வாருங்கள், அவசரமில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள் என்று என்னைச் சொல்லிக்கொண்டால் சிரிப்பார்கள். எனக்கு முப்பத்திரண்டு வயது. உண்மையில் ஓய்வு பெற்றது நான் அல்ல, நான் பார்த்த வேலை. ஸ்டுடியோவை ஒரு பெரிய கம்பெனி வாங்கியது. விண்ணப்பங்களைப் பிரிப்பது, நேரம் ஒதுக்குவது, நினைவூட்டுவது எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே செய்யத் தொடங்கியது. நேர்காணல்கள் வீடியோவுக்குப் போயின. குறித்த நேரம் முடிந்ததும் திரை தானாக அணைந்துவிடும். பேசிக்கொண்டிருந்தவர் வாய் திறந்தபடி மறைந்துபோவார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும்: அந்த வாய் அடுத்து என்ன சொல்லியிருக்கும்?

தாராவியில் எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். மாட்டுங்காவில் கல்லூரி முடித்த முதல் ஆளும் நானே. இதை அடக்கமாகச் சொல்லும் முறை எனக்குத் தெரியாது. கற்றுக்கொள்ளும் உத்தேசமும் இல்லை. அப்பாவுக்குத் தோல் பைகள் தைக்கும் பட்டறையில் வேலை. அம்மாவுக்குக் கையெழுத்து வரும். எனக்குத் தமிழிலும் இந்தியிலும் விளம்பர வாசகம் எழுதும் ஆசை இருந்தது. பட்டம் கையில் வந்த கையோடு அந்த ஸ்டுடியோவுக்குப் போனேன்.

அதை நடத்தியவர் சங்கரநாராயணன். எல்லோருக்கும் சங்கர் சார். பாலக்காட்டுக் குடும்பம், பிறந்தது வளர்ந்தது மாட்டுங்கா. பிஸ்கட் உறை, ஊறுகாய் லேபிள், கடைத் திறப்பு போஸ்டர் என்று செய்துகொண்டிருந்த சின்ன ஸ்டுடியோ அது. காலையில் என்னிடம் ஒரு சோப்புக்கு நான்கு வரி எழுதச் சொன்னார். எழுதினேன். ஒரு சொல்லை மாற்றச் சொன்னார். மாற்றினேன். வரிசையை மாற்றச் சொன்னார். மாற்றினேன். மத்தியானத்துக்குப் பிறகு அந்த நான்கு வரியில் சோப்பே இல்லை. அப்போதும் "சரி சார்" என்று அடுத்த தாளை எடுத்தேன். இடையிடையே வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்களுக்கு யார் முதல், யார் அடுத்து என்று ஒழுங்குசெய்து, ஒரு பையனின் காணாமல்போன பென்டிரைவையும் கண்டுபிடித்துக் கொடுத்தேன்.

சாயங்காலம் அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"முத்து, உன் இன்டர்வியூ முடியலைம்மா. நிறுத்தி வெச்சிருக்கேன். அதுவரைக்கும் இந்த வரவா போறவாளை நீயே பாத்துக்கோ. நன்னாப் பண்றே."

இப்படித்தான் ஒருங்கிணைப்பாளர் ஆனேன். அம்மாவோ சந்து முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள்: "எம்மவள ஒரு நாள் பூரா கேள்வி கேட்டிருக்காவ! லேசுப்பட்ட ஆபீசா?"

எங்கள் பக்கத்தில் நீளமான நேர்காணல் என்றால் நல்ல சகுனம். நாலு கேள்வியில் அனுப்பிவிட்டால் முகத்தைப் பார்த்தே முடிவுசெய்துவிட்டார்கள் என்று பொருள். சங்கர் சாரின் அறையில் கணக்கு நேர்மாறானது என்று எனக்குப் புரியச் சில மாதங்கள் பிடித்தன.

அவருடைய முறை இது. வந்தவரின் சான்றிதழையும் பழைய வேலைகளையும் அதிகம் பார்க்க மாட்டார். உட்காரவைத்து ஒரு சின்ன வேலை கொடுப்பார். முதல் வடிவம் வந்ததும், அதை நல்லதாக்குகிற இரண்டு மூன்று திருத்தங்கள் சொல்வார். எழுத்தைப் பெரிதாக்கு, நிறத்தைக் குறை என்பது மாதிரி. அதற்கே முறைத்துக்கொண்டு "என் டிசைன் அப்படித்தான்" என்பவர்களுக்கு நன்றி சொல்லி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவார். திருத்தங்களைச் செய்தவர்களிடம் அடுத்து, அந்த வேலையையே கொன்றுவிடுகிற ஒரு திருத்தத்தைச் சொல்வார். அதே குரலில், அதே முகத்தோடு. அதற்கு அவர் எதிர்பார்த்தது ஒரு சொல்: வேண்டாம். பிறகு ஏன் வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம். அது வந்ததும் எழுந்து கை கொடுப்பார்.

"வர்ற கிளையண்ட்ல பாதிப் பேர் தன் விளம்பரத்தைத் தானே கெடுக்கத்தான் வருவா. அவா கையைப் பிடிக்கிற ஆளாக்கும் எனக்கு வேணும்" என்பார்.

'வேண்டாம்' வரும் வரை நேர்காணல் ஓடும். சிலருக்கு ஒரு டீ ஆறும் நேரம். சிலருக்கு மத்தியானச் சாப்பாடு தாண்டும். இந்த விதியை வருகிறவர்களிடம் நான் சொல்லக் கூடாது என்பது ஒன்றுதான் எனக்கு இட்ட கட்டளை.

எனக்கு இது விளையாட்டு மாதிரி பிடித்துப்போனது. யார் எந்தத் திருத்தத்தில் நிற்பார்கள் என்று பெஞ்சில் உட்காரும் விதத்தைப் பார்த்தே ஊகிப்பேன். காலை நீட்டி உட்கார்ந்து போனில் சிரிப்பவர்கள் சீக்கிரம் 'வேண்டாம்' சொல்வார்கள். மின்விசிறி ஓடாவிட்டாலும் சுவிட்சைத் தொடாமல் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் எங்கள் ஆட்கள். அவர்களுக்கு நேரமாகும். வேலை கொடுக்கிறவர் சொல்வதை மறுப்பது எங்கள் வீடுகளில் பழக்கத்திலேயே இல்லாதது. நான் ஒரு நாள் முழுக்க மாற்றிக்கொண்டிருந்ததும் அதனால்தான். அது புரிந்தபோது எனக்கு வெட்கமாக இல்லை. வேறொரு கேள்வி வந்தது: அப்படியென்றால் எங்கள் ஆட்கள் 'வேண்டாம்' என்று சொல்வதே இல்லையா? சொல்லாமல் எப்படி இவ்வளவு நாள் பிழைத்தார்கள்?

பதில் ஒரு ஆனி மாத மழையில் நனைந்துகொண்டு வந்தது. பெயர் இசக்கியம்மாள். தாராவியை ஒட்டிய குடிசைப் பகுதியான மாட்டுங்கா லேபர் கேம்ப். டிசைன் டிப்ளமோ முடித்தவள். அவளுடைய அப்பாவும் தோல் பைப் பட்டறையில் இருப்பவர். துப்பட்டா நுனியைப் பிழிந்துவிட்டு, பெஞ்சின் ஓரத்தில், மின்விசிறி ஓடாத பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சுவிட்சு உன் தலைக்கு மேலதான் இருக்கு" என்றேன்.

"இருக்கட்டும்க்கா. காத்து வேண்டாம், வேல கிடைச்சாப் போதும்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நான் போற இன்டர்வியூ எல்லாம் பொசுக்குனு முடிஞ்சிருதுக்கா. எங்க இருக்கேன்னு கேப்பாவ. லேபர் கேம்ப்னு சொல்லுவேன். சரிம்மா, போன் பண்ணுதோம்பாவ. எங்கம்மா சொல்லிட்டா, இதுவும் கிடைக்கலன்னா அம்பர்நாத்துல மாமா ஃபேக்டரில பேக்கிங்குக்குப் போயிரணுமாம். நாளைக்கே."

சங்கர் சார் அவளுக்குக் கொடுத்தது மழைக்கோட்டு விற்கும் கடைக்கு ஒரு போஸ்டர். அவள் செய்ததை அச்செடுத்துக் கொண்டுவரும்போது நான் பார்த்தேன். தெரு நிறையக் குடைகள், எல்லாம் சாம்பல் நிறம். குடை பிடித்தவர்கள் எல்லோரும் ஒரு கையால் எதையோ சமாளிக்கத் திண்டாடுகிறார்கள். நடுவில் மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஒரு சின்னப் பெண். ஒரு கையில் வடாபாவ், இன்னொரு கையில் பலூன். அவ்வளவுதான். எனக்கு உடனே அந்தக் கோட்டை வாங்க வேண்டும் போலிருந்தது.

கடைப் பெயரைப் பெரிதாக்கச் சொன்னார். செய்தாள். குடைகளில் இரண்டைக் குறைக்கச் சொன்னார். செய்தாள். படம் இன்னும் நன்றாகிவிட்டது. பிறகு அதே குரலில் சொன்னார்: "எல்லாம் சரி. அந்தக் கொழந்தை கையிலயும் ஒரு குடை குடுத்துடு."

நான் கதவருகே நின்றிருந்தேன். சொல்லு, இப்போது சொல்லு.

"போட்டுப் பாக்கேன் சார்" என்றாள் இசக்கி.

போட்டாள். கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். வைத்துவிட்டு, "ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வாரேன் சார்" என்று வெளியே போனாள். சங்கர் சார் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அவள் வந்ததும் அடுத்ததைச் சொன்னார்: வடாபாவை எடுத்துவிடு. "சரி சார்." செய்தாள், வைத்தாள், தண்ணீர் குடிக்கப் போனாள். மஞ்சள் கோட்டையும் சாம்பல் ஆக்கு. "சரி சார்." வைத்தாள், போனாள்.

வெளியே அவளுடைய போன் அடித்தது. "இன்னும் விடலம்மா," என்று அவள் கிசுகிசுத்தது கேட்டது. "ஆமா, இன்னும் வேல குடுத்துக்கிட்டே இருக்காவ. நல்லதுதான். வச்சிரு, வச்சிரு."

அவள் ஒவ்வொரு திருத்தத்தையும் நல்ல சகுனமாக எண்ணிக்கொண்டிருந்தாள். உள்ளே அது அவளுக்கு எதிராக ஏறிக்கொண்டிருந்தது.

"இவ என்ன, ஒட்டகமா?" என்றார் சங்கர் சார். "இத்தனை தண்ணி எங்க போறது?"

சிரிக்கத்தான் வாயெடுத்தேன். அப்போதுதான் மேஜையைப் பார்த்தேன். அங்கே ஒரு தாள் இல்லை, இரண்டு இருந்தன. ஒவ்வொரு தடவையும் புதியதைத் தனியாக அவள் வைக்கவில்லை. குழந்தை கையில் குடை இல்லாத பழைய படத்தை இடப்பக்கமும், கேட்டபடி மாற்றியதை வலப்பக்கமும், ஓரம் ஓரமாகச் சேர்த்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். சங்கர் சார் வலப்பக்கத்துத் தாளை மட்டும் எடுத்துப் பார்த்துவிட்டு, பழையதைத் தள்ளிவைத்துக்கொண்டிருந்தார். அவள் சளைக்காமல் அதைத் திரும்ப எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தாள்.

இதை நான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன்.

அப்பாவின் பட்டறைக்கு வாங்க வருகிற சேட் சில சமயம், பையின் அழகையே கெடுக்கிற ஒரு மாற்றம் கேட்பார். பூட்டை நடுவில் வை, வாரைக் குட்டையாக்கு. அப்பா வாக்குவாதம் செய்ய மாட்டார். கேட்டபடி ஒரு பை தைப்பார். தான் தைத்ததையும் அதையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். வைத்துவிட்டு, "டீ குடிச்சிட்டு வாரேன் சேட்" என்று போய்விடுவார். போவதுதான் முக்கியம். அவர் நின்றால், சேட் தன் சொல்லைத் தைப்பவன் முன்னால் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். யாரும் பார்க்காதபோது இரண்டு பையும் சேட்டும் மட்டும் இருந்தால், சேட் தானே யோசித்த மாதிரி நல்லதை எடுத்துக்கொள்வார். அப்பா திரும்பி வந்து எது மீதி இருக்கிறது என்று மட்டும் பார்ப்பார். அம்மா ராத்திரி சோறு போடும்போது கேலி செய்வாள்: "இன்னைக்கு எத்தன டீ? நாலா? அப்போ சேட்டுக்குப் புத்தி கெட்டுப்போச்சு."

வெளியே ஃபில்டர் பக்கத்தில் இசக்கி டம்ளரை வைத்துக்கொண்டு நின்றாள். குடிக்கக்கூட இல்லை. போய்க் காதில் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். 'அவர் நீ மறுக்கணும்னுதான் காத்திருக்கார், போய்ச் சொல்லு.' சொன்னால் உள்ளே போய் ஒப்பிப்பாள். வேலை கிடைக்கும். ஆனால் அந்த 'வேண்டாம்' என்னுடையதாக இருக்கும். அவளுடையது ஏற்கெனவே மேஜையில் கிடந்தது, யாரும் படிக்காமல்.

உள்ளே போனேன்.

"போதும், முத்து. அவளை அனுப்பிடு," என்றார் சங்கர் சார். "நல்ல கை. ஆனா சொன்னதைச் செய்யற கைதான்."

"சார், அவ வேண்டாம்னு சொல்லியாச்சு."

"எப்போ?"

"நீங்க குடை குடுக்கச் சொன்னப்பவே. அதுக்கப்புறமும் ஒவ்வொரு தடவையும் சொல்லிட்டுத்தான் இருக்கா."

"என் காதுல விழுந்தது சரிங்கற வார்த்தையாக்கும்."

அப்பாவின் பட்டறையைப் பற்றிச் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார். கேட்டுவிட்டு, நியாயமான ஒன்றைத்தான் சொன்னார். "நீ சொல்றது புரியறது. ஆனா கிளையண்ட் எல்லாரும் சேட் இல்லை. போன்ல பேசறவன் முன்னாடி இவ எந்தத் தாளைப் பக்கத்துல வெப்பா? வாயால சொல்லணும். அவளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லு. ஒரு தடவை சொல்லிட்டான்னா முடிச்சுடலாம்."

"மாட்டேன் சார்."

அந்த அறையில் அந்தச் சொல்லை நான் அதற்குமுன் சொன்னதில்லை. என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"ஏன்?" என்றார். கோபம் இல்லை. வருகிறவர்களிடம் கேட்பாரே, அதே 'ஏன்'.

"நான் சொல்லிக் குடுத்தா நீங்க ஆளைத் தெரிஞ்சுக்க மாட்டீங்க. அவ கேட்டது ஒண்ணுதான், ரெண்டையும் பாருங்கன்னு. நீங்க இன்னும் பாக்கவே இல்ல. பாத்து ஒண்ணை எடுங்க. அப்புறம் ஏன்னு அவளைக் கேளுங்க. வாய் இருக்கா இல்லையான்னு அப்போ தெரியும்."

சங்கர் சார் தள்ளிவைத்திருந்த தாளை இழுத்துப் பக்கத்தில் வைத்தார். மஞ்சள் கோட்டும், சாம்பல் கோட்டும். வெகுநேரம் பார்த்தார். பிறகு சாம்பலை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

இசக்கி உள்ளே வந்தாள். சார் முகத்தைப் பார்க்கவில்லை. நேராக மேஜையைத்தான் பார்த்தாள். எது மீதி இருக்கிறது என்று.

"இதாக்கும் எடுத்திருக்கேன்," என்றார். "நான் கேட்டது ஏன் சரியில்லை? சொல்லு."

மடை திறந்த மாதிரி வந்தது. "குடை பிடிச்சா ஒரு கை போச்சுல்லா சார்? கோட்டு வாங்குததே ரெண்டு கையும் நம்ம கையா இருக்கணும்னுதான். எங்க கேம்ப்ல காலைல பிள்ளைய பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போறவளப் பாருங்க. ஒரு கை பையில, ஒரு கை பிள்ளை மேல. குடைய யாரு பிடிக்க? வடாபாவ எடுத்தா கை சும்மா தொங்கும், அந்தக் கைக்கு என்ன சுகம்? மஞ்சளையும் எடுத்திட்டியள்னா, மழை மட்டுந்தான் மிஞ்சும். மழைய யாரு துட்டு குடுத்து வாங்குவா?"

"இதை அப்பவே சொல்லப்படாதோ?"

"நீங்க பெரியவுக. ரெண்டையும் கண்ணு முன்னால வச்சாச்சு. அதுக்கு மேலயும் சொன்னா, உங்களுக்குக் கண்ணு இல்லன்னு சொன்ன மாதிரி ஆயிராதா?"

சங்கர் சார் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் எட்டிப்பார்த்தார்கள். எழுந்து கை கொடுத்தார். "திங்கக்கிழமை வந்துடு. ஒரே ஒரு கண்டிஷன். போன்ல பேசற கிளையண்ட்டுக்கு வாயால சொல்லணும். நேர்ல வந்தான்னா உன் இஷ்டம், தண்ணி குடிக்கப் போய்க்கோ."

அவள் படியிறங்கிப் போகும்போது போனில் கத்தியது கீழ்த்தளம் வரை கேட்டது: "அம்மா! மாமாட்ட வரலன்னு சொல்லிரு!"

சங்கர் சார் என் பக்கம் திரும்பினார். "உன்னோடதும் முடிஞ்சுடுத்து, முத்து. கொஞ்சம் லேட். எழுதற மேஜைக்கு வரியா?"

நான்கு வருடம் முன்னால் கேட்டிருந்தால் பறந்திருப்பேன். அன்றைக்கு யோசித்துப் பார்த்தேன். சோப்புக்கு நான்கு வரி எழுதுவதைவிட, ஒரு ஆள் எந்த இடத்தில் எப்படி நிற்கிறார் என்று பார்ப்பதில்தான் என் மனம் ஓடுகிறது என்று தெரிந்தது.

"வேண்டாம் சார். இந்த வேலையே போதும். ஆனா இனிமே கதவுகிட்ட நிக்க மாட்டேன். உள்ள ஒரு நாற்காலி போடுங்க."

போட்டார். பிறகு ஏழு வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். மறுப்பதற்கு எத்தனை விதம் உண்டென்று அங்கிருந்துதான் பார்த்தேன். பேனாவை மூடிவைத்தவர்கள், திருத்தத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டு நம்மையே அலுக்கவைத்தவர்கள், சிரித்தே கடத்தியவர்கள். ஒருவர் அரைமணி நேரம் அழிப்பானால் அழித்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் அழியாமல்.

அதனால் ரேஷ்மா, மேலிடத்துக்கு அரை மணி என்றே எழுதிக் கொடு. அவர்களுக்கு ஒரு எண் வேண்டும், கொடுத்துவிடு. ஆனால் அழைப்பில் வருகிற ஆள் தாராவியிலோ கேம்பிலோ ஒற்றை அறை வீட்டிலிருந்து பேசினால், பக்கத்து வீட்டு மிக்ஸி நிற்கக் காத்திருக்கும் முதல் பத்து நிமிடத்தைக் கணக்கில் சேர்க்காதே. ஒரு வேலையைக் கொடுக்காமல் யாரையும் அனுப்பாதே. யாராவது இரண்டு படத்தைத் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனால், திரையை அணையவிடாதே. இரண்டையும் பார். அவர்கள் திரும்பி வரும்வரை நேர்காணல் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

என் கடைசி நாளில் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இசக்கி வந்தாள். கம்பெனி கைமாறியபோதே அவள் வேலையை விட்டிருந்தாள். லேபர் கேம்பில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்து, சொந்தமாக ஸ்டுடியோ தொடங்கப்போவதாகப் பேச்சு.

வழியனுப்பத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். துடைத்த மேஜையில் இரண்டு விசிட்டிங் கார்டு மாதிரிகளை வைத்தாள். ஓரம் ஓரமாகச் சேர்த்து. ஒன்றில் அவள் பெயர் மட்டும். இன்னொன்றில் அவள் பெயருக்குப் பக்கத்தில் என் பெயர்.

"தண்ணி குடிச்சிட்டு வாரேன்க்கா" என்று வெளியே போய்விட்டாள்.

நான் உட்கார்ந்தேன். இரண்டையும் பார்த்தேன். எங்கள் வீட்டில் அதுவரை யாருடைய பெயரும் விசிட்டிங் கார்டில் வந்ததில்லை. கார்டு என்றால் ரேஷன் கார்டுதான். ஒன்றை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அவள் திரும்பி வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. மேஜையில் மீதியிருந்த, தன் பெயர் மட்டும் உள்ள கார்டைப் பார்த்தாள். எடுத்து நான்காகக் கிழித்தாள்.

"முடிஞ்சுதாட்டி இன்டர்வியூ?" என்றேன்.

"உங்களது முடிஞ்சுதுக்கா. வாங்க போவோம், பெஞ்சு ஒண்ணு வாங்கணும். வாரவுக உக்காரணும்லா."